மூஞ்சிக்கு நேரா பேசுற ஊர்ல எனக்கு வந்த இனிப்பான லெட்டர்

ஜெர்மனிக்கு வேலைக்கு கிளம்புற நம்ம ஆளுங்க கிட்ட எல்லாரும் சொல்ற ஒரு விஷயம் இருக்கு, "அங்க எல்லாம் ஓப்பனுங்க, மனசுல இருக்கறத அப்படியே சொல்லிடுவாங்க, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு கெடையாது"னு. எனக்கும் அதேதான் சொல்லி அனுப்புனாங்க. பாதி உண்மை. மீதிப் பாதி தெரியவர்றதுக்குள்ள எனக்கு நாலாயிரம் யூரோ பக்கத்துல போச்சு, அது கூட ஒரு குளிர்காலம் முழுக்க தூக்கமும் போச்சு. அப்போ யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னு அத்தனை ஆத்திரம் வந்துச்சு, அதான் அங்க வேலைய விட்டுப் போறப்போ கம்பெனி குடுக்கற சான்றிதழப் பத்தி எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் கோயம்புத்தூர்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்து 2022 பிப்ரவரில ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு ஆட்டோமொபைல் சப்ளையர் கம்பெனிக்கு வந்தேன். பேரு வேண்டாம். ரெண்டு வருஷ காண்ட்ராக்ட், இஷ்டப்பட்டா நீட்டிப்பாங்கன்னு பேச்சு. சேர்ந்த மாசமே எங்கள மாதிரி வெளிநாட்டுல இருந்து வந்தவங்கள உக்கார வெச்சு அரை நாள் ஒரு ட்ரெயினிங். எட்வர்ட் ஹால்னு ஒரு அமெரிக்க மானுடவியல்காரர் 1970கள்ல சொன்ன விஷயமாம் அது, சில சமூகத்துல பாதி அர்த்தம் வார்த்தைக்கு வெளிய இருக்கும், யாரு சொன்னா, எந்த நேரத்துல சொன்னா, எத சொல்லாம விட்டாங்கன்னு பாத்துதான் புரிஞ்சுக்கணும், சில சமூகத்துல சொன்னதுதான் அர்த்தம், அவ்வளவுதான். ஸ்லைடுல ஒரு கோடு போட்டு ஒரு ஓரத்துல ஜப்பான், அரபு நாடுங்க, இந்தியா, இன்னொரு ஓரத்துல ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து. சரி, இங்க எதையும் தோண்டிப் பாக்கத் தேவையில்ல, சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டா போதும்னு நான் நோட்ல எழுதிக்கிட்டேன்.

ஆஃபீஸ்ல அது நெசமாவும் இருந்துச்சு. என்னோட டெஸ்ட் ரிப்போர்ட்ட ப்ரொஜெக்டர்ல போட்டு பத்து பேர் முன்னாடி மேனேஜர், "இது பத்தாது, மூணாவது செக்‌ஷன் தப்பு, திருப்பி எழுது"ன்னார். ப்ளீஸ் இல்ல, "நல்லாத்தான் இருக்கு, ஆனா"ங்கற தடவல் இல்ல. எனக்கு காது ரெண்டும் சூடாயிருச்சு. மீட்டிங் முடிஞ்சு ரெண்டு நிமிஷத்துல அதே மனுஷன் வந்து கேன்டீன்ல இன்னிக்கு மவுல்டாஷன் போட்டிருக்கான், வர்றியான்னு கூப்பிடுறார். அன்னிக்கு ராத்திரி அழுதேன், மறைக்க ஒண்ணுமில்ல. கொஞ்ச நாள்ல புரிஞ்சுது, அவர் திட்டுனது ரிப்போர்ட்ட, என்ன இல்ல. அந்த ஊருக்கு வர்றவங்க இத ஒண்ண மட்டும் சீக்கிரம் பழகிக்கிட்டா பாதி கண்ணீர் மிச்சம்.

இன்னொரு பக்கம் என் பேச்சு அவங்களுக்கு புரியல. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமான்னு கேட்டா நான் "ட்ரை பண்றேன்"பேன். நம்ம ஊர் மேனேஜரா இருந்தா அந்த இழுவையிலயே புரிஞ்சுக்கிட்டு, சரிம்மா திங்கக்கிழமை குடுன்னுடுவார். இவர் வெள்ளிக்கிழமைன்னு லிஸ்ட்ல எழுதிக்குவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எங்கன்னு கேப்பார். அதனால இங்க முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லுங்க, கூடவே எப்போ முடியும்னு தேதியும் சொல்லுங்க, அதையே மெயில்லயும் ஒரு வரி போட்டுருங்க. யாரும் கோச்சுக்க மாட்டாங்க. முடியாதுன்னு தெளிவா சொன்ன அன்னிக்குத்தான் என்ன மொத தடவ கொஞ்சம் மரியாதையா பாத்தாருன்னு எனக்கு ஒரு நெனப்பு.

வருஷக் கடைசில ஒக்காந்து பேசற ரிவ்யூ ஒண்ணு உண்டு. அதுல பல விஷயம் பேசிட்டு நடுவுல, "நீ மீட்டிங்ல பேசறதில்ல, அது மாறணும்"னு ஒரே வரி சொல்லிட்டு அடுத்த பாயின்டுக்கு போயிட்டார். நம்ம ஊர்ல பெரிய குத்தம்னா அதுக்குன்னு ஒரு பில்டப் இருக்கும்ல, கதவ சாத்துவாங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு ஆரம்பிப்பாங்க, தொண்டைய செருமுவாங்க. இங்க டீ மெஷின் ரிப்பேர்ங்கறதும் உன் வேலைக்கு ஆபத்துங்கறதும் ஒரே குரல்ல வருது. பெரியவங்க பேசற எடத்துல கேக்காம வாயத் தொறக்கக் கூடாதுன்னு வளந்த எனக்கு அது ஒரு சின்ன குறிப்பாத்தான் காதுல விழுந்துச்சு. நேரடியா பேசறவங்க கிட்ட எது பெரிய விஷயம் எது சின்ன விஷயம்னு குரல வெச்சு கண்டுபிடிக்க முடியாது, வாய்விட்டு கேட்டுறணும், "இது எவ்வளவு முக்கியம், இது என் காண்ட்ராக்ட்ட பாதிக்குமா"ன்னு. இப்படி கேக்கறது அங்க அதிகப்பிரசங்கித்தனம் இல்ல.

2023 அக்டோபர்ல கூப்பிட்டு காண்ட்ராக்ட் நீட்டிக்கல, பட்ஜெட் இல்லன்னு சொல்லிட்டாங்க, ஜனவரியோட முடியுது. இங்க ஒரு நடைமுறை விஷயம், காண்ட்ராக்ட் முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே வேலை தேடறேன்னு எம்ப்ளாய்மென்ட் ஏஜென்சில பதிஞ்சுறணும், விட்டா வேலையில்லாதவங்களுக்கு குடுக்கற உதவித்தொகைல ஒரு வாரப் பணத்த நிறுத்துவாங்க. அத யாரோ சொல்லி பண்ணிட்டேன். ஆனா ப்ளூ கார்டு, அதான் எங்கள மாதிரி வெளிநாட்டுக்காரங்க அங்க தங்கி வேலை பாக்கறதுக்கான அனுமதி? காண்ட்ராக்ட் எவ்வளவு நாளோ அதுக்கு மேல மூணு மாசம்தான் குடுப்பாங்க, அதாவது ஏப்ரல் கடைசிக்குள்ள எனக்கு வேற வேலை கெடைக்கணும். கைக்கு சுமார் 2,900 யூரோ வந்துட்டிருந்த எடத்துல, குழந்தை இல்லாதவங்களுக்கு 60 சதவீதங்கற கணக்குல 1,740 வந்துச்சு. வாடகையும் ஹீட்டிங்கும் சேத்து 950 போயிரும். மிச்சத்துல சாப்பாடு, இன்ஷூரன்ஸ், ஊருக்கு அனுப்பறது.

கடைசி நாளுக்கு அப்புறம் ஒரு தடி கவர் வந்துச்சு, மடியாம இருக்க உள்ள அட்டை வெச்சு. அதுதான் ஆர்பைட்ஸ்சாய்க்னிஸ், சுருக்கமா சாய்க்னிஸ்னு சொல்லுவோம், வேலை பாத்த கம்பெனி குடுக்கற சான்றிதழ். நம்ம ஊர் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்னு நெனச்சேன், இன்ன தேதில இருந்து இன்ன தேதி வரைக்கும் வேலை பாத்தார், நல்வாழ்த்துகள்னு ரெண்டு வரி வரும்ல, யாரு அத படிக்கறா. இது ஒன்றரைப் பக்கம். மொபைல்ல ட்ரான்ஸ்லேட் போட்டு படிச்சேன், தேன் ஒழுகுது. நேரந்தவறாதவர், வேலைல ஆர்வம் காட்டினார், கொடுத்த வேலைகளை எங்கள் திருப்திக்கு முடித்தார், சக ஊழியர்களிடமும் மேலதிகாரிகளிடமும் நடத்தை சரியாக இருந்தது, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். எனக்கு சந்தோஷத்துல கண்ணு கலங்கிருச்சு, மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுன மனுஷன் மனசுக்குள்ள இப்படியா நெனச்சிருக்கார்னு. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புனேன், அவர் அத சொந்தக்காரங்க க்ரூப்ல போட்டு, எங்க பெரியம்மா கை கூப்பி மூணு எமோஜி வேற.

அப்புறம் அத ஸ்கேன் பண்ணி ஒவ்வொரு அப்ளிகேஷனோடயும் வெச்சேன். பிப்ரவரி முழுக்க, மார்ச்ல பாதி. ஸ்டுட்கார்ட், சின்டெல்ஃபிங்கன், ஹைல்ப்ரான், ஊல்ம் வரைக்கும். நவம்பர்ல சாய்க்னிஸ் இல்லாம போட்டப்பவாச்சும் ரெண்டு எடத்துல போன்ல பேசுனாங்க. இப்போ அதுவும் இல்ல. "உங்களுக்கு எதிராக எடுத்த முடிவல்ல"ங்கற மாதிரி மொழமொழன்னு மெயில். எல்லா ரிஜெக்‌ஷனுக்கும் அந்த பேப்பர்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், கார் கம்பெனிங்க எல்லாமே அப்போ ஆள் எடுக்கறத கொறச்சுட்டாங்க, என் ஜெர்மனும் அரைகுறை. ஆனா போன் கூட வராம போனது உறுத்திட்டே இருந்துச்சு.

தெரிஞ்சவங்க வீட்டு விசேஷத்துல ஒரு யாழ்ப்பாணத்து அக்காவ பாத்தேன், 80கள்ல குழந்தையா வந்தவங்க, ஒரு முதியோர் இல்லத்துல ஆபீஸ் வேலை, ஆள் எடுக்கற பேப்பரெல்லாம் பாப்பாங்க. சும்மா பேச்சுவாக்குல மொபைல்ல காட்டுனேன். அவங்க முதல் பக்கத்த தள்ளிட்டு நேரா கடைசிப் பத்திக்கு போனாங்க, அப்புறம் நடுவுல ஒரு வரி, அவ்வளவுதான், பத்து செகண்ட் இருக்கும். "பிள்ளை, உதை ஆருக்கெல்லாம் அனுப்பினனீர்?"னாங்க. சொன்னேன். "இனி ஒருத்தருக்கும் அனுப்பாதையும்."

அப்புறம் ஒக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. இந்த சான்றிதழ்ல இருக்கற ஒவ்வொரு வரியும் ஒரு மார்க்காம். ஸ்கூல்ல போடற மாதிரி 1ல இருந்து 6 வரைக்கும், 1தான் உசத்தி. "எங்கள் திருப்திக்கு"ன்னு மொட்டையா இருந்தா 4. "எங்கள் முழுத் திருப்திக்கு"ன்னா 3. அதுக்கு முன்னாடி "எப்போதும்" சேந்தா 2. "எப்போதும்" இருந்து, முழுங்கறது அதுக்கும் மேல போயி "முழுமையிலும் முழுமையான"ங்கற மாதிரி வந்தா 1. ஜெர்மன்ல தேட வேண்டியது "ஷ்டேட்ஸ்"ங்கற வார்த்தையையும் "ஃபோலன்", "ஃபோல்ஸ்டன்"ங்கற ரெண்டையும்தான். "முயற்சி செய்தார்"னு எழுதியிருந்தா கத முடிஞ்சுது, ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம். இன்ஜினியர நேரந்தவறாதவர்னு பாராட்டுனா, பாராட்ட வேற ஒண்ணும் கெடைக்கலன்னு அர்த்தம். மேலதிகாரிய முதல்ல போட்டு அப்புறம் சக ஊழியர் வரணும், என்னுது தல கீழ, அதாவது பாஸோட ஒத்துப்போகலன்னு. கடைசில நன்றி, பிரியறதுக்கு வருத்தம், "மேலும் தொடர்ந்து" வெற்றி பெற வாழ்த்துன்னு மூணும் வரணும். எனக்கு வந்தது எதிர்காலத்துக்கு வாழ்த்துகள், அவ்வளவுதான்.

நம்மூர்ல மாப்பிள்ளை விசாரிக்க போனா பக்கத்து வீட்டுக்காரர் "பையன் நல்ல பையன்தாங்க, நாம ஒண்ணும் சொல்றதுக்கில்ல"ன்னுட்டு துண்ட உதறி தோள்ல போடுவார்ல, அந்த துண்ட உதறறதத்தான் எனக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக் குடுத்திருக்காங்க. நான் அத வீடு வீடா கொண்டு போய் நானே காட்டிட்டிருந்திருக்கேன். அப்போ வந்த கோவம் இன்னும் அடங்கல. டெஸ்ட் ரிப்போர்ட்ல கமா தப்புன்னா கூட பத்து பேர் முன்னாடி சொல்ற ஊரு, என் ரெண்டு வருஷத்துக்கு நாலு மார்க்குன்னு மட்டும் ஏன் சர்க்கரை தடவி குடுக்குது?

தேடிப் படிச்சப்போ காரணம் புரிஞ்சுது. வேலைய விட்டுப் போறவனுக்கு சான்றிதழ் குடுக்கணுங்கறது 1900ல இருந்தே அவங்க சிவில் சட்டத்துல இருக்கு. அது உண்மையாவும் இருக்கணும், அதே சமயம் நல்லெண்ணத்தோடயும் இருக்கணும், தொழிலாளியோட பொழப்ப கெடுக்கற மாதிரி இருக்கக் கூடாதுன்னு கோர்ட் சொல்லி வெச்சிருக்கு. திட்டவும் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாதுன்னா மனுஷன் என்ன பண்ணுவான்? பாராட்டோட அளவுல கைய வெச்சான். தமாஷு என்னன்னா, வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணுன்னு ரகசிய அர்த்தம் வெச்சு எழுதக் கூடாதுன்னும் சட்டத்துலயே இருக்கு, சிவில் சட்டத்துல இல்ல, கெவெர்பெஓர்ட்னுங்ங்கற தொழில் சட்டத்துல 109ஆவது பிரிவு. ஆனாலும் நடக்குது. ஸ்லைடுல கோடு போட்ட ட்ரெயினர் இதப் பத்தி மூச்சு விடல. கேஸ் போடுவாங்கங்கற பயம் இருக்கற எடத்துல எந்த ஊர்க்காரனும் சுத்தி வளைச்சுத்தான் பேசுவான்ங்கறது என் அபிப்ராயம்.

2014ல எர்ஃபுர்ட்ல இருக்கற ஃபெடரல் லேபர் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, ஒரு பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல வேலை பாத்த அம்மா போட்ட கேஸ். அவங்களுக்கு 3 குடுத்திருந்தாங்க, 2 வேணும்னு கேட்டாங்க. ஒரு ஆய்வுல சான்றிதழ்கள்ல 90 சதவீதம் பக்கத்துல 1, 2ன்னுதான் இருக்குன்னு வாதம் வெச்சாங்க. கோர்ட் ஒத்துக்கல. 3க்கு மேல வேணும்னா தொழிலாளி நிரூபிக்கணும், 3க்கு கீழ குடுத்தா முதலாளி நிரூபிக்கணும், இதான் நெலம. எனக்கு இதுல ரெண்டு விஷயம் கெடைச்சுது. எல்லாரும் 1, 2 வெச்சுட்டு சுத்தற எடத்துல என் 4 எவ்வளவு அசிங்கமா தெரிஞ்சிருக்கும்ங்கறது ஒண்ணு. 4க்கு அவங்கதான் ஆதாரம் காட்டணுங்கறது இன்னொண்ணு.

வக்கீல் கிட்ட போனேன். முதல் ஆலோசனைக்கு தனி ஆள் கிட்ட 190 யூரோவும் வரியும்தான் அதிகபட்சம் வாங்கலாம், 226 யூரோ 10 சென்ட் குடுத்தேன். அவர் சொன்னது, பல காண்ட்ராக்ட்ல மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கேக்கலன்னா உரிமை போயிரும்னு ஒரு வரி இருக்கும், அத உடனே பாருன்னு. இருந்துச்சு, எனக்கு அப்போ ஒன்றரை மாசம் தாண்டியிருந்துச்சு. லேபர் கோர்ட்ல முதல் கட்டத்துல ஜெயிச்சாலும் தோத்தாலும் அவங்கவங்க வக்கீல் ஃபீஸ் அவங்கவங்களுக்குத்தான், வக்கீல் இல்லாமயும் நேரா போய் மனு எழுதிக் குடுக்கலாம். லீகல் இன்ஷூரன்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஆனா எடுத்த நாள்ல இருந்து மூணு மாசம் வேலை விஷயத்துக்கு செல்லாது, பிரச்சனை வந்தப்புறம் எடுத்து பிரயோஜனமில்ல. கோர்ட்டுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுப் பாருன்னார்.

எச்ஆருக்கு மெயில் போட்டேன், போன் வந்தது மேனேஜர் கிட்ட இருந்து. அதே குரல், அதே மாதிரி. சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு தலைப்புக்கும் நம்பர் டிக் பண்ணா வாக்கியம் தானா வரும்னும், "சுயமா முன்வர்றது"க்கு 4 போட்டேன், நீ மீட்டிங்ல பேசவே இல்ல, அத நான் உன் கிட்ட சொல்லியிருக்கேன்னும் சொன்னார். சொல்லியிருக்கார், அந்த ஒரு வரி. நான் கையில இருந்த மெயில்கள படிச்சேன், எந்தெந்த பக் நானா கண்டுபிடிச்சு எழுதுனேன், எந்த டெஸ்ட் ஸ்க்ரிப்ட்ட யாரும் கேக்காம மாத்துனேன்னு தேதியோட. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி, நீயே ட்ராஃப்ட் எழுதி அனுப்பு. ஆனா 1 குடுக்க மாட்டேன், நீ 1 கெடையாது. 2 சரி"ன்னார். சிரிச்சுட்டேன். இத நீ பேப்பர்லயே எழுதியிருக்கலாமேய்யான்னு இருந்துச்சு.

ட்ராஃப்ட் எழுதறதுதான் இந்த மொத்தக் கதையிலயும் எனக்கு கஷ்டமான எடம். நம்மள நாமளே புகழ்ந்து எழுதறது நாக்குல வராது, தற்பெருமைன்னு அடிச்சு வளத்துருக்காங்கல்ல. "குழுவுக்கு உறுதுணையாக இருந்தார்"னு எழுதி அக்காவுக்கு அனுப்புனேன், உது 4க்கு எழுதுற வசனம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு பேர் சேந்து பண்ண வேலைய நான் பண்ணேன்னு எழுதணும்னு சொன்னாங்க. பொய் சொல்ற மாதிரி கூசிச்சு, ஆனா அங்க எல்லாரும் அந்த அளவுலதான் எழுதறாங்க, நாம அடக்கமா எழுதுனா அடக்கம்னு யாரும் படிக்க மாட்டாங்க. கடைசில எப்போதும், முழு, ரெண்டும் வந்துச்சு, மேலதிகாரி முதல்ல வந்தார், நன்றி வந்துச்சு. பிரியறதுக்கு வருத்தம் மட்டும் வரல. நன்றியும் வருத்தமும் கட்டாயமா வேணும்னு கேக்க உரிமை கெடையாதாம், 2012ல அதே எர்ஃபுர்ட் கோர்ட் சொல்லிடுச்சு, அதனால விட்டுட்டேன். தேதி மட்டும் ஜனவரி கடைசி நாள்னே இருக்கான்னு பாத்துக்கோங்க, பின்னாடி தேதி போட்டா சண்டை போட்டு வாங்குனதுன்னு படிக்கறவனுக்கு தெரிஞ்சுரும்.

ஆனா இத படிச்சுட்டு ஒவ்வொரு கமாலயும் சதி தேடாதீங்க. நான் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன், பழைய மேனேஜரோட பிறந்தநாள் வாழ்த்துல கூட மார்க் தேடிட்டிருந்தேன். 2011ல ஒருத்தர் "ஆர்வமுள்ளவராக அறிந்துகொண்டோம்"னு இருக்கறதுக்கு நேர் எதிர் அர்த்தம்னு சொல்லி கேஸ் போட்டார், அதெல்லாம் இல்லன்னு கோர்ட் தள்ளிடுச்சு. இங்லீஷ்ல ஓடற ஸ்டார்ட்அப்ங்க பல எடத்துல இந்த பேப்பர பாக்கறதே இல்ல. பழைய குடும்பக் கம்பெனிங்க, அரசாங்க எடங்க, இவங்கதான் பேனாவோட படிப்பாங்க. உங்களுக்கு வந்தத ட்ரான்ஸ்லேட் ஆப்ல படிச்சு சந்தோஷப்படாம, ஆள் எடுக்கற வேலைல இருக்கற உள்ளூர்க்காரர் ஒருத்தர் கிட்ட காட்டுங்க, அது போதும்.

ஏப்ரல் நடுவுல எஸ்லிங்கன்ல ஒரு சின்ன கம்பெனில வேலை கெடைச்சுது, கார்டு முடியறதுக்குள்ள அப்ளிகேஷனும் போட்டுட்டேன். இன்டர்வியூல அந்த மனுஷர் நேரா கடைசிப் பத்திக்குத்தான் போனார், பென்சில அங்க வெச்சு, "வருத்தம்னு எழுதல, ஏன்?"னு கேட்டார். இப்போ இருக்கற மேனேஜர் வேற டீமுக்கு மாறப் போறார். இப்படி மேனேஜர் மாறும்போது வேலைல இருக்கறப்பவே இடைக்கால சாய்க்னிஸ் கேட்டு வாங்கிக்கலாம், அதுல ஒரு தடவ நல்லா எழுதிட்டா பின்னாடி சும்மா கொறைக்க முடியாது, அதனால இந்த தடவ நானே முந்திக்கிட்டு கேட்டுட்டேன். ட்ராஃப்ட் நீயே அனுப்புன்னு ஒரே வரில பதில் வந்திருக்கு. நேத்து ராத்திரில இருந்து முதல் பத்திலயே நிக்கறேன்.